முந்திக்கொள்ளும் பொய்

அரசு மருத்துவமனையின் விபத்துப் பிரிவில், இரவுப் பணி மருத்துவரின் மேசைமேல் ஒரு பதிவேடு விரிந்திருக்கும். ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர். அதன் நகலைத்தான் போலீசாரும் வக்கீல்களும் ஏ.ஆர். காப்பி என்கிறார்கள். ஸ்ட்ரெச்சரில் ஒருவரைக் கொண்டுவந்து கிடத்தியதும் பெயர், வயது, அழைத்து வந்தவர் யார், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எப்படி அடிபட்டது என்று கேட்டு மருத்துவர் அதில் எழுதுவார். அடிபட்டவருக்கு நினைவிருந்தால் அவரே சொல்வார். நினைவு தப்பியிருந்தால், கூட வந்தவர் சொல்வதுதான் பதிவாகும்.

கூட வந்தவர், மோதிய காரை ஓட்டியவராகவே இருந்தால்?

"ரோட்டோரமா விழுந்து கிடந்தார் சார். பார்க்கப் பாவமா இருந்துச்சு. என் வண்டியிலேயே தூக்கிப் போட்டுக்கிட்டு வந்துட்டேன்."

மருத்துவருக்கு அப்போது உயிரைக் காப்பாற்றும் வேலை. சொன்னதை எழுதிக்கொள்கிறார்: இருசக்கர வாகனத்தில் செல்லும்போது தானாகக் கீழே விழுந்ததாகக் கூறப்படுகிறது. 'செல்ஃப் ஃபால்'. சில ஆண்டுகள் கழித்து, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் அந்தத் தாளைக் காட்டுவார். "விபத்து நடந்த ஒரு மணி நேரத்துக்குள் எழுதப்பட்ட ஆவணம் இது. இதில் கார் என்ற பேச்சே இல்லையே?" காலை இழந்தவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

விபத்துக்குப் பிறகு சொல்லப்படும் பொய்களில் பெரும்பாலானவை முதல் சில மணி நேரத்திலேயே சொல்லப்பட்டுவிடுகின்றன. அடிபட்டவர் மயக்கத்தில் இருக்கிறார். அவர் வீட்டார் தகவல் கிடைத்துப் பதறி ஓடிவந்து கொண்டிருக்கிறார்கள். ஓட்டியவரோ கையில் செல்போனோடு, பேச ஆளோடு, யோசிக்க அவகாசத்தோடு இருக்கிறார். நம்முடைய விசாரணை முறையில் முதலில் தாளில் ஏறிய வாசகத்துக்குத்தான் மதிப்பு அதிகம். அதைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு. ஆகவே அடிபட்டவர் பக்கத்திலிருந்து யாராவது ஒருவர், அழுகையைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, உண்மையைப் பொய்யைவிட வேகமாகத் தாளில் ஏற்ற வேண்டும். இந்தக் கட்டுரை அந்த ஒருவருக்காகத்தான்.

இது எங்கோ யாருக்கோ நடப்பதும் அல்ல. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கில் 2022-ல் நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு: 64,105. அந்த ஓராண்டில் இங்கே இறந்தவர்கள் 17,884 பேர். இவற்றில் எத்தனை விபத்துகளில் ஓட்டியவர் நடந்ததை நடந்தபடி சொன்னார் என்பதற்கு எந்தப் பட்டியலும் கிடையாது.

சாலையிலேயே நடக்கும் பேரத்திலிருந்து தொடங்குவோம். பைக்கைக் கார் இடித்துவிடுகிறது. பைக்கில் வந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். முழங்கையில் சிராய்ப்பு, இடுப்பில் வலி. கார்க்காரர் இறங்கி வருகிறார். முதல் நிமிடம் பதற்றம், மன்னிப்பு எல்லாம் இருக்கும். நாலு பேர் கூடுவதற்குள் குரல் மாறிவிடும். "தம்பி, கேஸு கீஸுன்னு போனா ரெண்டு பேருக்கும்தான் அலைச்சல். ஸ்டேஷன்ல வண்டியைப் பிடிச்சு வெச்சுப்பாங்க. வண்டி செலவு நான் பார்த்துக்கறேன். இந்தா, நம்பர் வெச்சுக்கோ." அடிபட்டவருக்கு வேலைக்கு நேரமாகிறது. ஸ்டேஷன் என்றாலே பயம். கொடுத்ததை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். மறுநாள் காலை இடுப்பை அசைக்க முடியவில்லை. ஸ்கேன் எடுத்தால் எலும்பில் விரிசல். அந்த நம்பருக்கு அடித்தால் மணி போய்க்கொண்டே இருக்கிறது. எப்போதாவது எடுத்தால், "நீங்கதானே குறுக்கே வந்தீங்க? மனிதாபிமானத்துல காசு கொடுத்தா இப்படிப் பேசுறீங்களே?" என்ற பதில்.

கார்க்காரர் ஏன் அவ்வளவு அவசரப்பட்டார் என்று யோசித்தால் காரணங்கள் சாதாரணமானவை. இன்ஷூரன்ஸ் தேதி முடிந்திருக்கும். லைசென்ஸ் புதுப்பிக்காமல் கிடக்கும். குடித்திருப்பார். அல்லது இது எதுவுமே இல்லாமல் வெறும் பயமாகவும் இருக்கலாம். அவர் காரணம் எதுவாக இருந்தாலும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே. வண்டிகளை நகர்த்துவதற்கு முன் படம் எடுங்கள்: காரின் நம்பர் பிளேட், மோதிய இடத்தில் உள்ள நசுங்கல், சாலையில் சிதறிய கண்ணாடி, டயர் தேய்ந்த தடம், ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கியவரின் முகம். 112-க்கு அழையுங்கள், அழைத்த நேரம் பதிவாகிவிடும். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் காப்பீடு நடப்பில் உள்ளதா என்று அங்கேயே தெரியும். பணம் வாங்குவதாகவே இருந்தாலும் "எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை" என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். உள்காயம் அன்றைக்கே தெரிவதில்லை. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் உடனே வழக்குப் பதியாவிட்டாலும், புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும்.

சாலையில் சமாதானம் பேசிய அதே கார்க்காரர், தன் காரின் நசுங்கலைச் சரிசெய்யத் தன் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போவார். இன்னொருவரை இடித்தேன் என்று சொன்னால் எஃப்.ஐ.ஆர். கேட்பார்கள். எனவே காம்பவுண்டு சுவரில் இடித்துவிட்டேன், நாய் குறுக்கே வந்தது என்று படிவத்தில் எழுதுவார். அந்தப் படிவம் பின்னாளில் அவருக்கே எதிராகத் திரும்பும். சாட்சியை அழைக்கவும் ஆவணத்தை வரவழைக்கவும் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் தீர்ப்பாயத்துக்கும் உண்டு. விபத்து நடந்த அதே நாள், காரின் அதே மூலையில் சேதம் என்று அந்தப் படிவமே சொல்லும்போது, சுவர் கதை நிற்பது கடினம். இதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று உங்கள் வழக்கறிஞருக்கு நினைவூட்டுங்கள்.

இனி, எனக்கு மிகுந்த கோபத்தைத் தரும் பொய்க்கு வருகிறேன். ஆள் மாற்றம்.

2024 மே 19 அதிகாலை, புனேயின் கல்யாணி நகரில் ஒரு போர்ஷே கார் மோதி இரண்டு இளம் மென்பொருள் பொறியாளர்கள் இறந்தார்கள். காரை ஓட்டியதாகப் பிடிபட்டவருக்கு வயது 17. சில மணி நேரத்தில் கிடைத்த ஜாமீனும், 300 சொற்களில் கட்டுரை எழுதச் சொன்ன நிபந்தனையும் நாடு முழுக்கப் பேசப்பட்டன. அதன்பின் வெளிவந்த குற்றச்சாட்டுகள் இன்னும் கனமானவை. வீட்டு டிரைவரை அடைத்து வைத்து, தான்தான் ஓட்டினேன் என்று சொல்லும்படி மிரட்டினார்கள் என்றது போலீஸ். அரசு மருத்துவமனையில் சிறுவனின் ரத்த மாதிரியை மாற்றிவிட்டார்கள் என்று மருத்துவர்களே கைதானார்கள்.

அங்கே கோடிக்கணக்கான ரூபாய் கார் என்பதால் வெளிச்சத்துக்கு வந்தது. நம் ஊரில் செகண்ட் ஹேண்ட் காருக்கும் மினி லாரிக்கும் இதே வேலை சத்தமில்லாமல் நடக்கிறது. ஓட்டியது முதலாளியின் மகன், லைசென்ஸ் இல்லை. அல்லது ஓட்டியவர் குடித்திருந்தார். இரவோடு இரவாக, லைசென்ஸ் உள்ள ஒரு ஆக்டிங் டிரைவரோ பழைய வேலைக்காரரோ காவல் நிலையத்துக்கு அழைத்து வரப்படுகிறார். "ஸ்டேஷன் ஜாமீன்தான், ஃபைன் கட்டினா முடிஞ்சுது, வீட்டுக்கு வேண்டியதை நாங்க பார்த்துக்கறோம்" என்று அவரிடம் சொல்லியிருப்பார்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவின்படி, அஜாக்கிரதையால் மரணம் விளைவித்ததற்கு 5 ஆண்டு வரை சிறை என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். குற்றவாளியைக் காப்பாற்றப் பொய்த் தகவல் தருவதும் தனிக் குற்றம், பிரிவு 238. பிழைப்புக்காக ஓர் ஏழை தன் பெயரையே விற்கிறார். வாங்கியவர் மறுநாளும் அதே காரில் ஆபீஸுக்குப் போகிறார்.

சிறுவன் ஓட்டியிருந்தால் சட்டம் பெற்றோரையும் வண்டி உரிமையாளரையும்தான் பிடிக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ: 3 ஆண்டு சிறை, 25,000 ரூபாய் அபராதம், 12 மாதம் வண்டியின் பதிவு ரத்து. ஆள் மாற்றத்துக்கு இவ்வளவு அவசரம் காட்டுவது எதனால் என்று இதிலிருந்தே விளங்கும்.

அடிபட்ட குடும்பத்தையே இந்தப் பொய்க்கு உடந்தையாக்கும் தந்திரமும் ஒன்று உண்டு. "பையனுக்கு லைசென்ஸ் இல்லைன்னு எழுதினா இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிச்சிடுவான். உங்களுக்குத்தான் நஷ்டம். இவர் ஓட்டினதா நீங்களும் சொல்லிடுங்க." கேட்பதற்கு அக்கறைபோல் இருக்கும். நம்பாதீர்கள். ஸ்வரண் சிங் வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் பின்பற்றி, ஓட்டியவருக்கு முறையான உரிமம் இல்லாத வழக்குகளிலும் முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு நீதிமன்றங்கள் உத்தரவிட்டு வந்திருக்கின்றன. அந்தப் பொய்யால் காப்பாற்றப்படுவது உரிமையாளரின் சட்டைப்பை. உங்கள் இழப்பீட்டுக்கு அது தேவையே இல்லை. பிறகு ஆள் மாற்றம் வெளிப்பட்டால் உங்கள் வழக்கும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும்.

உண்மையில் ஓட்டியவர் யார் என்பதற்குச் சாட்சி அந்தக் காருக்குள்ளேயே இருக்கிறது. நம் கார்களில் ஸ்டியரிங் வலப்பக்கம். மோதலின்போது சீட் பெல்ட் இறுகினால் ஓட்டியவருக்கு வலது தோளிலிருந்து இடது இடுப்பை நோக்கிக் கன்றிப்போன கோடு விழும். பக்கத்தில் இருந்தவருக்கு இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு. விரிந்த ஏர்பேக்கில் ரத்தமோ எச்சிலோ ஒட்டியிருந்தால் அது யாருடையது என்று டி.என்.ஏ. சொல்லும். இருக்கை எவ்வளவு முன்னால் இழுக்கப்பட்டிருக்கிறது என்பதுகூட உயரத்தைக் காட்டிக்கொடுக்கும். ஆறடி ஆள் 'சரண்டர்' ஆகி நிற்க, ஸ்டியரிங்கை ஒட்டி இருக்கை கிடந்தால் அது கேட்கப்பட வேண்டிய கேள்வி. சரணடைந்தவரின் செல்போன் அந்த நேரத்தில் எந்த டவரில் இருந்தது, ஃபாஸ்டேக் பதிவின்படி வண்டி சுங்கச்சாவடியை எப்போது கடந்தது, அங்கே கேமராவில் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது யார்? இவற்றை எல்லாம் ஆராயும்படி விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் மனு கொடுக்கலாம். வாயால் சொன்னால் காற்றோடு போகும். மனுவாகக் கொடுத்து நகலில் முத்திரை வாங்கினால் கோப்பில் நிற்கும். வண்டியை யார் ஓட்டினார் என்று போலீஸ் கேட்டால் உரிமையாளர் சொல்லியே ஆக வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 133-வது பிரிவு.

உரிமையாளர்களும் ஒன்று சொல்வார்கள்: "அந்த வண்டியை எப்பவோ வித்துட்டேனே." ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றாமல் இரண்டு மூன்று கை மாறிய வண்டிகள் நம் சாலைகளில் நிறைய ஓடுகின்றன. நவீன் குமார் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் இதற்கு முடிவு சொல்லிவிட்டது. ஆர்.டி.ஓ. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ, பொறுப்பும் அவருடையதே.

கேமரா பற்றிச் சொல்லும்போது ஓர் அவசரத்தையும் சொல்ல வேண்டும். சென்னையில் 'மூன்றாவது கண்' என்று போலீஸே முன்னின்று கேமராக்களைப் பெருக்கியது. மற்ற ஊர்களிலும் நகைக்கடை, மருந்துக்கடை, பெட்ரோல் பங்க் என்று எங்கும் கேமராதான். ஆனால் கடைக் கேமராவின் பதிவு நிரந்தரமாக இருப்பதில்லை. சில இடங்களில் ஒரு வாரத்தில், சில இடங்களில் ஒரு மாதத்தில் பழையதன்மேல் புதியது ஏறிவிடும். சடங்குகள் முடிந்து பதினாறாம் நாள் கழித்து வக்கீலைப் பார்க்கப் போகும் குடும்பங்கள் பெரும்பாலும் இழப்பது இந்தப் பதிவைத்தான். வீட்டில் சாவு விழுந்திருந்தாலும் ஒரு மைத்துனரோ சித்தப்பாவோ மறுநாளே அந்தத் தெருவில் கடை கடையாக ஏறி, "அண்ணே, நேத்து ராத்திரி பதிவை அழிக்காம வைங்க, போலீஸ் வந்து கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு வர வேண்டும். எந்தெந்தக் கடையில் கேமரா உண்டு என்று பட்டியல் போட்டு அதையும் மனுவில் சேர்க்க வேண்டும்.

இறந்தவரால் பேச முடியாது என்பதால் அவர்மேலேயே பழி விழும் வழக்குகள் தனி வகை. "திடீர்னு குறுக்கே வந்துட்டான் சார்" என்று ஓட்டியவர் சொல்ல, வேறு சாட்சி இல்லாத நெடுஞ்சாலையில் இறந்தவர்மீதே எஃப்.ஐ.ஆர். பதிவாகும். குற்றம் சாட்டப்பட்டவர் உயிரோடு இல்லை என்று அந்த வழக்கு அப்படியே முடிக்கப்படும். இரண்டு குழந்தைகளோடு நிற்கும் மனைவிக்கு, அந்த எஃப்.ஐ.ஆர். ஒன்றே எல்லாவற்றுக்கும் முற்றுப்புள்ளி என்று தோன்றும். அது முற்றுப்புள்ளி அல்ல. எஃப்.ஐ.ஆரில் உள்ளதைத் தீர்ப்பாயம் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 2009-ல் பிமலா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: இழப்பீட்டு வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்ற கிரிமினல் அளவுகோல் பொருந்தாது, எது நடந்திருக்கக் கூடுதல் வாய்ப்பு என்று பார்த்தால் போதும். இங்கேதான் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று ஊரில் சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை பேசும். பைக்கின் பின் மட்கார்டு நசுங்கி, காரின் முன் பம்பர் உடைந்திருந்தால், குறுக்கே வந்தார் என்ற கதைக்கு எங்கே இடம்? அந்த அறிக்கையையும், சம்பவ இடத்து வரைபடத்தையும், பார்வை மகஜரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் வக்கீல் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பார்த்தவர்கள் சாட்சி சொல்லத் தயங்கினால், உதவியவருக்குப் பாதுகாப்புத் தரும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவைச் சொல்லுங்கள். அடிபட்டவருக்கு உதவிய நல்மனிதரை அவர் விருப்பத்துக்கு மாறாகச் சாட்சியாக இழுக்க முடியாது. தாமாக முன்வருபவரையும் மரியாதையாகத்தான் நடத்த வேண்டும்.

இடித்துவிட்டு நிற்காமல் ஓடியவர்களை என்ன செய்வது? 2022-ல் மட்டும் இந்தியாவில் இப்படி 67,387 விபத்துகள், 30,486 மரணங்கள். இப்படி அடிபட்டவர்களுக்கென்று ஒரு திட்டம் இருக்கிறது: வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. வட்டாட்சியர் நிலையில் உள்ள விசாரணை அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஆட்சியர் அளவில் முடிவாகும். ஆனால் 2022-23 நிதியாண்டில் இதற்கு வந்த விண்ணப்பங்கள் நாடு முழுவதுக்குமாக வெறும் 205. இந்த எண் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது கோவைக்காரர் ஒருவரின் பொதுநல வழக்கில். கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் தொடுத்த வழக்கு அது. சாலையில் நொறுங்கி வரும் உடல்களைத் தினம் பார்த்த ஒரு மருத்துவர் நீதிமன்றப் படியேறியதால், 2024 ஜனவரியில் ஓர் உத்தரவு கிடைத்தது: ஒரு மாதத்துக்குள் வண்டி அடையாளம் தெரியாவிட்டால், இப்படி ஒரு திட்டம் இருப்பதைப் போலீஸே குடும்பத்துக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதம் உங்களுக்கு வந்ததா? வரவில்லை என்றால் போய்க் கேளுங்கள். பிறகு வண்டி கண்டுபிடிக்கப்பட்டுத் தீர்ப்பாயத்தில் பெரிய தொகை கிடைத்தால் இதைக் கழித்துக்கொள்வார்கள். விண்ணப்பிப்பதால் எந்த உரிமையும் போகாது.

வண்டி கிடைக்காத குடும்பத்தைத் தேடி இன்னொருவர் வருவார். "இன்ஷூரன்ஸ் உள்ள வண்டி ஒண்ணு இருக்கு. அதுதான் இடிச்சதுன்னு போட்டுடலாம். வர்றதுல பாதிப் பாதி." துக்கத்தில் இருப்பவர்களிடம் இப்படிப் பேச மனம் வருகிறதே என்பது ஒரு பக்கம். அதற்குத் தலையாட்டிவிட்டால், ஓடிப்போனவர் செய்த அதே மோசடியை நாமும் செய்கிறோம். இத்தகைய போலி வழக்குகளை விசாரிக்க உத்தரப் பிரதேசத்தில் சிறப்புப் புலனாய்வுக் குழுவே அமைக்கப்பட்டு, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. இப்படிப்பட்ட ஒவ்வொரு வழக்குக்கும் பிறகு, உண்மையாக அடிபட்டு வருபவர்களையும் தீர்ப்பாயம் சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தொடங்குகிறது.

கெடுவையும் மறக்கக் கூடாது. விபத்து நடந்த 6 மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும் என்று 2019-ல் சட்டம் திருத்தப்பட்டது. அது 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன என்றாலும் அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

ஓட்டுநர்கள் பக்கத்தையும் பேச வேண்டும். இடித்துவிட்டு ஓடும் எல்லோரும் கல்நெஞ்சர்கள் அல்ல. லாரி ஓட்டுநர்களிடம் கேட்டுப் பாருங்கள். நின்றால் அடித்தே கொன்றுவிடுவார்கள் என்ற பயத்தைத்தான் முதலில் சொல்வார்கள். அந்தப் பயம் பொய்யில்லை. தப்பு யார்மேல் என்று பார்க்காமல் பெரிய வண்டி ஓட்டியவரை இழுத்துப் போட்டு அடிக்கும் கூட்டத்தில் நம்மவர்களும் இருக்கிறார்கள். சட்டத்துக்கும் இது தெரியும். அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று ஓட்டுநருக்குக் கடமை விதிக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவே, கும்பலின் ஆத்திரத்தால் அது முடியாமல் போனால் விலக்குத் தருகிறது. ஆனால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தகவல் சொல்வதிலிருந்து தப்ப முடியாது. தகவல் சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு வரை சிறை என்ற, பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் பல மாநிலங்களில் லாரிகள் நின்றன; பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது. அந்தப் பிரிவை நடைமுறைப்படுத்துவதை அரசு நிறுத்திவைத்தது. தண்டனையைக் கூட்டுவதால் மட்டும் ஓட்டுநர் நின்றுவிட மாட்டார். அடுத்த காவல் நிலையம் வரை உயிரோடு போய்ச் சேருவேன், நான் சொல்வதையும் எழுதிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையும் அவருக்கு வேண்டும். சாலையோரம் கூடும் நாம் கையை ஓங்காமல் கேமராவை ஓங்கினால், ஓட்டுநருக்கும் அடிபட்டவருக்கும் ஒருசேர உதவி.

பொய்க்கு முந்திக்கொள்ள அரசே இப்போது ஒரு வழி வைத்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கித் தந்த ஐராட் என்ற செயலியில், சம்பவ இடத்துக்கு வரும் காவலர் அங்கிருந்தபடியே இடம், நேரம், வண்டி எண், படங்கள் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். 2022-ல் வந்த மத்திய விதிகளின்படி முதல் விபத்து அறிக்கை 48 மணி நேரத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அதன் நகல் அடிபட்டவருக்கும் வர வேண்டும். 10 நாட்களுக்குள் உங்கள் உரிமைகளை விளக்கும் படிவம், 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கை. ஓட்டுநரும் உரிமையாளரும் தங்கள் வாக்கில் தனித்தனிப் படிவம் நிரப்பித் தர வேண்டும். இதைக் கட்டாயம் பின்பற்றுங்கள் என்று கோஹர் முகமது வழக்கில் 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது. காகிதத்தில் இவ்வளவு இருந்தும், பாதிக்கப்பட்ட குடும்பங்களில் பலருக்கு அந்த 48 மணி நேர நகலைப் பற்றியே தெரியாது.

எனவே மருத்துவமனைக்கு விசாரிக்க வரும் காவலரிடம் மரியாதையோடு மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். ஐராட்டில் ஏற்றிவிட்டீர்களா? அதில் எங்கள் தரப்பு என்னவென்று எழுதியிருக்கிறது? முதல் விபத்து அறிக்கையின் நகல் எங்களுக்கு எப்போது கிடைக்கும்? அதே நடையில் விபத்துப் பிரிவுக்குப் போய் ஏ.ஆர். பதிவில் என்ன இருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். தவறாக இருந்தால், அன்றைக்கே மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம், காவல் நிலையத்துக்கு அதன் நகல், இரண்டிலும் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை.